ஸ்பெக் தனி, கனடா தனி

சனிக்கிழமை சாயங்காலம் லீசிங் ஆபீஸ் மூடுவதற்குள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அபார்ட்மெண்டைக் காலி பண்ணுகிறோமா, இல்லை அல்தாப் இருப்பதற்காக வைத்துக்கொள்கிறோமா? பதில் சொல்ல வேண்டியவன் அந்த அல்தாப்தான், என் புருஷன். அவனோ ஒரு மாதமாக வாத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தான்.

2004 ஜனவரி. ஹூஸ்டனில் என் ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது. அடுத்தது நியூஜெர்சியில், ப்ளெய்ன்ஸ்பரோவில் ஒரு மருந்துக் கம்பெனியில். போகாவிட்டால் என் ஹெச்-ஒன் வேலை விசா போய்விடும். என் ஹெச்-ஒன் போனால் அதில் தொங்குகிற அவனுடைய ஹெச்-ஃபோரும் போய்விடும், இரண்டு பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் எழுந்து ஃப்ரீசரைத் திறந்து பார்த்தான். ஃப்ரீசரில் ஐஸ் வைக்கக்கூட இடம் கிடையாது. எல்லாம் அவன் வேட்டையிலிருந்து கொண்டு வந்த வாத்து. வாத்து என்றால் நம் ஊர் வாத்து இல்லை, கூஸ். ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தை கனம்.

அதனால்தான் நானும் வேட்டைக்கு வருகிறேன் என்றேன். போகிற வழியில் காருக்குள் வைத்துப் பிடித்தால் எங்கே ஓடுவான் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை இருட்டோடு கிளம்பினோம். ஐ-டென் ஹைவேயில் மேற்கே, லாரிகளைத் தவிர யாருமில்லை. கேட்டி என்கிற ஊரைத் தாண்டியதும் கேட்டேன்.

"மச்சான், சாயங்காலம் லீசிங் ஆபீஸ் பொம்பளைகிட்ட என்ன சொல்லட்டும்?"

"இன்னைக்குக் காத்து வடக்கேருந்து. நல்லா இறங்கும்."

"நான் காத்தைக் கேக்கல."

"கேக்குது, கேக்குது. ஃபீல்டுல பேசலாம்."

"ஏன், அங்க வாத்து ஒட்டுக் கேக்காதா?"

"அதுக்குத் தமிழ் தெரியாது" என்றான். சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டுக்கொண்டான்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அத்தாவுக்கு உத்தமபாளையத்தில் கறிக்கடை. அல்தாப் வீட்டில் அவன் அத்தா புரொஃபசர், அக்கா டாக்டர். எங்களுக்கு நடுவில் எப்படிச் சம்பந்தம் வந்தது என்றால், "பொண்ணு கறிக்கடைக்காரர் மகதான், ஆனா ஹெச்-ஒன் இருக்கு." அந்த 'ஆனா'வை அவன் பெரியம்மா என் காதுபடவே சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. கணக்கு சரிதானே என்றிருந்தது. இவனும் சென்னையில் நல்ல வேலையில்தான் இருந்தான். இங்கே வந்து ஒரு வருஷத்தில் யாராவது ஸ்பான்சர் பண்ணிவிடுவார்கள் என்று நம்பி அதை விட்டுவிட்டு வந்தான். வந்த நேரம், எல்லா கம்பெனியும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஹெச்-ஃபோரில் வேலை பார்க்கக் கூடாது. கார் ஓட்டலாம், டிவி பார்க்கலாம், பெண்டாட்டி வரும்வரை ஜன்னல் வழியே பார்க்கிங் லாட்டைப் பார்க்கலாம்.

போன பெருநாளைக்கு, ஹூஸ்டனில் பழக்கமான பத்ருன்னிசா ஆன்ட்டி வீட்டு விருந்தில் அவர் புருஷன் அன்வர் பாட்சா அங்கிள் எல்லார் முன்னாலும் இவனைக் கேட்டார்: "ஹெச்-ஃபோர் மாப்பிள்ளை, சப்பாத்தியெல்லாம் வட்டமா வருதா?" எல்லாரும் சிரித்தார்கள். இவனும் சிரித்தான். நான்தான், "உங்க வீட்ல யாரு அங்கிள் சுடுறா? ஆன்ட்டிக்கு முட்டி வலின்னாங்களே" என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அல்தாப் சொன்னது ஒன்றே ஒன்று. "நீ ஏன் வாயைத் தொறந்தே?"

அதற்கப்புறம்தான் டேல் வந்தான். கோடையில் ஏசி ரிப்பேர், குளிர்காலத்தில் ஆட்களை வேட்டைக்குக் கூட்டிப்போகிற வேலை. எங்கள் ஏசியைப் பார்க்க வந்தவன் சோபாவில் கிடந்த இவனைப் பார்த்து, சும்மா இருந்தால் கூட வா, கூடமாட உதவி பண்ணு, கறி தருகிறேன் என்றிருக்கிறான். போனவன் அதிலேயே நின்றுவிட்டான்.

ஈகிள் லேக் பக்கம் ஒரு அறுத்த நெல்வயல். ஓரமாக டேலின் ட்ரக், அதன் பின்னால் மஞ்சள் ரிப்பன் ஸ்டிக்கர், இராக்கில் இருக்கிற போர்வீரர்களுக்காக. டாலஸிலிருந்து வந்த இரண்டு பேர், ஒருவருக்கொருவர் மச்சினன் முறை, துப்பாக்கியோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தடியானவர், ஒருவர் தாடிக்காரர். அவர்கள்தான் அன்றைய வேட்டைக்காரர்கள். ட்ரக்கின் பின்புறத்தில் ஒரு கறுப்பு நாய், பெயர் ரூபி.

"ஹே, ஆல்!" என்றான் டேல்.

ஆல் என்றால் என் புருஷன். அவன் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். வீட்டில் அது அப்படி நிமிர்ந்து ரொம்ப நாளாகிறது.

வேலை இதுதான். மேலே பறந்துபோகிற கூஸ் இந்த வயலில் ஏற்கெனவே ஒரு கூட்டம் நிம்மதியாக மேய்கிறது என்று நம்பி இறங்க வேண்டும். அதற்குத்தான் பொம்மைகள், டிகாய் என்பார்கள். வெள்ளையாக இருக்கிற ஸ்னோ கூஸுக்கு பொம்மைகூடக் கிடையாது, அறுத்த நெல்தாளில் குத்தி நிறுத்தின வெள்ளைத் துணி போதும், நூற்றுக்கணக்கில். மற்ற இரண்டு ஜாதிக்கு அசல் பொம்மை. வயிற்றில் கறுப்புக் கறுப்பாகப் பட்டை போட்டது ஸ்பெக். கறுப்புக் கழுத்தும் வெள்ளைக் கன்னமுமாக எல்லாவற்றையும்விடப் பெரியது கனடா.

அல்தாப் ஸ்பெக்கும் கனடாவும் அடுக்கின ப்ளாஸ்டிக் சறுக்குவண்டியின் கயிற்றை என் கையில் கொடுத்தான். "அந்த வரப்பு ஓரமா வச்சிடு. ஸ்பெக் தனி, கனடா தனி. கலக்காத. முகம் ஏறக்குறைய காத்துப் பக்கம்." சொல்லிவிட்டு துணி நடப் போய்விட்டான்.

பேசலாம் என்றவன் அவன்தான்.

நெற்றியில் கட்டின லைட் வெளிச்சத்தில், கணுக்கால் வரை சேற்றில், கயிற்றை இழுத்துக்கொண்டு போய் வைத்தேன். கோபத்தில் வேலை செய்தால் எனக்கு வேலை ரொம்ப ஒழுங்காக வரும். ஒன்றுக்கொன்று இடைவெளி சரியாக, கோடு பிடித்த மாதிரி வைத்துவிட்டு வந்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

விடியுமுன் தொழுகிற ஃபஜ்ரை ட்ரக்குக்குப் பின்னால் தொழுதோம். அவன் முன்னே, நான் பின்னே. அல்லாஹு அக்பர் என்கிற தக்பீரைக்கூட அவன் மூச்சுக்குள்ளேயே சொன்னான். அந்தப் பக்கம் தடியர் ஏதோ ஜோக் சொல்ல, டேல் இருமினான். ஸலாம் கொடுத்துவிட்டு எழுந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. அல்தாப் ஜாக்கெட்டை உதறிப் போட்டுக்கொண்டே வயலைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"தஹ்ஸீன். என்னடி இது?"

"என்ன?"

"ஜும்ஆவா?"

நான் பார்த்தேன். வெள்ளிக்கிழமைத் தொழுகையேதான். கனடாக்கள் முன் ஸஃப், முதல் வரிசை. பின்னால் இரண்டு ஸஃபாக ஸ்பெக்குகள். தோளோடு தோள், நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. எல்லா முகமும் ஒரே திசையில். ஜோடி சேராமல் மிச்சமான ஒரு கனடாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் நடுவில் வைத்திருந்தேன். அது இமாமாக நின்றுகொண்டிருந்தது.

அல்தாப் சிரிக்க ஆரம்பித்தான். சத்தம் வராமல், தோள் குலுங்க, ட்ரக்கைப் பிடித்துக்கொண்டு. "பள்ளிவாசல் கமிட்டிகிட்ட பொம்பளைக்கு ஏன் பின்னாடி இடம்னு சண்டை போட்டவ நீ. நீயே ஸ்பெக்கைப் பின்னாடி நிறுத்திட்டியே. பாவம், கண்ணைத் துடைச்சுக்குது பாரு ஒண்ணு."

"தௌபா சொல்லு. வாத்தைப் போய் எதோட சேக்குற?"

"நானா சேத்தேன்?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாதம் ஆயிற்று இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்து. அந்த நிமிஷம் கேட்டிருந்தால் வருகிறேன் என்றிருப்பான் என்று இப்போதும் எனக்கு ஒரு எண்ணம். ஆனால் டேல் வந்துவிட்டான்.

"இது என்ன, ஸ்கூல் போட்டோவா?" என்று இங்கிலீஷில் கேட்டான். தாடிக்காரர் சிரித்தார்.

அல்தாப்பின் சிரிப்பு சட்டென்று நின்றது. "ஷி இஸ் நியூ" என்றான்.

"சொல்ல வேண்டியதுதானே, எதுக்குச் சிரிச்சோம்னு" என்றேன் தமிழில்.

"சொன்னா விளக்கணும்."

சரிபண்ண நேரம் இருக்கவில்லை. தெற்கிலிருந்து முதல் கூட்டம் வந்துவிட்டது, ஸ்பெக். அதன் குரல் யாரோ வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி இருக்கும். எல்லாரும் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் மல்லாக்கப் படுத்தார்கள். நானும் படுத்தேன். டேல் வாயில் ஒரு ஊதலை வைத்து அதே சிரிப்பைத் திருப்பிச் சிரித்தான். கூட்டம் தாழ்ந்து வந்தது, என் ஜமாஅத்தைப் பார்த்தது, ஒரு சுற்று சுற்றியது, பக்கத்து வயலுக்குப் போய்விட்டது.

தடியர் ஒரு கெட்டவார்த்தை சொன்னார். டேல் அல்தாப்பைப் பார்த்தான். அல்தாப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தான். நானும் பின்னால் ஓடினேன்.

பொம்மைகளைப் பிடுங்கித் திருப்பி நட்டுக்கொண்டே சொன்னான். "எல்லாம் ஒரே பக்கம் முகத்தை வச்சு விறைச்சு நின்னா என்ன அர்த்தம் தெரியுமா? நரியைப் பாத்திருச்சு, பறக்கப் போகுதுன்னு அர்த்தம். ஒண்ணு மேயணும், ஒண்ணு பராக்குப் பாக்கணும். இதப் பாரு, ஸ்பெக் குடும்பம் குடும்பமா நிக்கும். அத்தா, அம்மா, குஞ்சு ரெண்டு. அடுத்த குடும்பம் பத்தடி தள்ளி. நடுவுல இடம் விட்டாத்தான் வர்றது இறங்கும்."

"ஸ்னோ?"

"அது சந்தைக்கடை. யாரு பக்கத்துல யாருன்னு பாக்காது."

"கனடா?"

"பெரிய மனுஷன். ஒதுங்கி நிக்கும். யாரோடயும் ஒட்டாது."

"அன்வர் பாட்சா அங்கிள் மாதிரி."

சிரிக்கவில்லை. ஆனால் கை வேகமாக ஓடியது. ஒவ்வொரு பொம்மையையும் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தான், மறுபடி வந்து கழுத்தைக் கொஞ்சம் திருப்பினான். எங்கள் வீட்டில் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டவன் இல்லை.

"ப்ளெய்ன்ஸ்பரோலயும் கூஸ் இருக்காம்" என்றேன். "ஆபீஸ் வாசல்லயே திரியுதாம். கூட வேலை பாக்கற பொண்ணு சொன்னா."

"அது பார்க்கிங் லாட் கூஸ். புல்லைத் தின்னுட்டு நடைபாதையெல்லாம் கழியும். எங்கயும் போகாது."

"நீ அங்க வந்து படிக்கலாம். ட்ரெயின் இருக்கு, நியூயார்க் இருக்கு, தமிழ் ஆளுங்க நிறைய."

"தமிழ் ஆளுங்க" என்றான். கையிலிருந்த ஸ்பெக்கை ஓங்கிக் குத்தினான். "அங்க போய் என்ன பண்ணுவேன் தஹ்ஸீன்? அதே சோபா. வேற ஜன்னல்."

"அப்ப வரலயா?"

டேல் விசிலடித்தான். அல்தாப் என் தோளைப் பிடித்து அழுத்தினான். "படு. படு. அசையாத."

இருந்த இடத்திலேயே இருவரும் மல்லாந்தோம். முதுகுக்குக் கீழே நெல்தாள் குத்தியது, சேறு ஊறியது. வெள்ளைக் கோட்டின் தொப்பியை அவன் கையை நீட்டி என் முகத்தின் மேல் இழுத்துவிட்டான். கண் மட்டும் திறந்திருந்தது.

"பொணத்துக்குச் சுத்தற கஃபன் மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தேன்.

"வாயை மூடு" என்றான், மெதுவாக, கோபமில்லாமல்.

அவன் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரே கட்டிலில் படுக்கிறோம். அங்கே இப்படிப் படாது. மேலே வானம் மட்டும். முதலில் சத்தம் வந்தது, அந்தச் சிரிப்பு. பிறகு சிறகுச் சத்தம், யாரோ பட்டுப்புடவையை உதறுகிற மாதிரி. ஐந்து ஸ்பெக் காலைத் தொங்கப்போட்டு, சிறகைக் குவித்து, எங்களை நம்பி, அவன் விட்டு வைத்த இடத்துக்கு நேராக இறங்கின. வயிற்றுப் பட்டைகளை எண்ணலாம் போல் அவ்வளவு பக்கம். நான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. நிக்காஹ் அன்றைக்கு மேடையில் இருந்தபோதுகூட அந்த முகம் அப்படி இருக்கவில்லை.

துப்பாக்கிகள் வெடித்தன. இரண்டு பொத்தென்று விழுந்தன. மூன்றாவது இறக்கையில் அடிபட்டு, சாய்ந்து சாய்ந்து போய் அடுத்த வரப்புக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

அடுத்து நடந்தது அங்கே வழக்கம்தான் என்று அவன் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

அல்தாப் எழுந்து ஓடினான். அதே நேரம் டேல் ரூபியின் பட்டையை விட்டான். நாய் பாய்ந்தது. சேற்றில் என் புருஷனும் கறுப்பு நாயும் அந்த அடிபட்ட கூஸை நோக்கி ஓடுகிறார்கள். படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். "கோ ஆல்!" என்கிறார் தாடிக்காரர். "கோ ரூபி!" என்கிறார் தடியர். தொடையில் தட்டுகிறார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. நாய் வாய் வைத்தால் அவன் தொடமாட்டான். உயிர் போவதற்குள் பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் ஹலால். எங்கள் ஃப்ரீசரில் இருக்கிற ஒவ்வொரு கூஸும் இப்படி நாயோடு போட்டி போட்டு ஓடி ஜெயித்தது. நான் அதில் பிரியாணி பண்ணி ஆபீஸுக்கு எடுத்துப் போயிருக்கிறேன்.

அவன்தான் முதலில் போய்ச் சேர்ந்தான். டேல் விசிலடித்து நாயை நிறுத்தினான். கைதட்டல் கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அல்தாப் மண்டியிட்டு, இடுப்புக் கத்தியை எடுத்துவிட்டிருந்தான். கூஸ் நல்ல இறக்கையால் அவன் முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. அவன் உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

"என்ன இதெல்லாம்?" என்றேன். "நாயோட ஓட விட்டு வேடிக்கை பாக்கறாங்க. நீயும் ஓடுற."

"விளையாட்டுடி அது. டேல் வேணும்னே ரெண்டு செகண்ட் பிடிச்சு வச்சிட்டுத்தான் விடுவான். எனக்காக."

"அது மரியாதையா?"

"மரியாதைதான். உனக்குத் தெரியாது."

"சரி. இப்ப என்ன சொன்னே? எனக்குக் கேக்கல."

"மனசுல சொன்னாப் போதும்."

"சத்தமா சொல்லு. கெட்ட வார்த்தையா அது, முழுங்கறதுக்கு?"

"மெதுவாப் பேசு." அவன் வயலைத் திரும்பிப் பார்த்தான். "கையில கத்தியை வச்சிக்கிட்டு நான் அல்லாஹு அக்பர்னு கத்துனா அவங்களுக்கு எப்படிக் கேக்கும்? யோசி. உனக்கென்ன, நீ போயிடுவே. நான் நாளைக்கும் இவங்க கூடத்தான் நிக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கே கேட்டது.

கூஸ் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கழுத்து தளர ஆரம்பித்திருந்தது, இன்னும் கொஞ்சம் விட்டால் போய்விடும். வீணாகச் சாகிற பிராணியை என்னால் பார்க்க முடியாது, கறிக்கடையில் வளர்ந்தவள் நான். கத்தியை அவன் கையிலிருந்து வாங்கினேன். அத்தா கடையில் பொம்பளைப் பிள்ளை என்று என்னைக் கத்தி தொட விட்டதில்லை. ஆனால் கல்லாவில் உட்கார்ந்து பார்த்த கண் இது. இறக்கையை முழங்காலால் அமுக்கி, கழுத்தை நீட்டிப் பிடித்து, "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று அந்த வயல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லி அறுத்தேன். ஒரே இழுப்பு.

நான் எழுந்து அவர்களைப் பார்த்து நின்றேன். வாருங்கள், கேளுங்கள் என்றுதான் நின்றேன். உடம்பெல்லாம் சண்டைக்குத் தயாராக இருந்தது.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?" என்று தடியர் இங்கிலீஷில் கேட்பது காற்றில் வந்தது.

"கிரேஸ்" என்றான் டேல். "சாப்பாட்டுக்கு முன்னால் சொல்ற ஜெபம்."

தடியர் தொப்பியைக் கொஞ்சம் தூக்கினார். "ஆமென்" என்றார். அவ்வளவுதான். துப்பாக்கியில் தோட்டா போட ஆரம்பித்துவிட்டார்.

அல்தாப் பெருமூச்சு விட்டான். என்னைப் பார்க்கவில்லை. கூஸின் காலைப் பிடித்துத் தூக்கி ரத்தம் வடிய விட்டான்.

"எப்ப முடிவு பண்ணினே?" என்றேன்.

"முடிவெல்லாம் பண்ணல."

"எங்க தங்குவே? அபார்ட்மெண்டா?"

"வேணாம். டேல் கொட்டாய்க்குப் பக்கத்துல ஒரு ட்ரெய்லர் வீடு சும்மா கெடக்கு. அடுப்பு இருக்கு."

"அப்ப பண்ணிட்டே."

அவன் கூஸைக் கை மாற்றிப் பிடித்தான்.

"விசா?"

"உன் ஹெச்-ஒன் இருக்கற வரைக்கும் என்னோடது இருக்கும். ஸ்ரீநிவாசன்கிட்ட கேட்டேன். ஒரே வீட்ல இருக்கணும்னு ஒண்ணும் இல்லையாம்."

ஸ்ரீநிவாசன் என் டீமில் பக்கத்து சீட். எல்லாருக்கும் விசா சந்தேகம் தீர்த்து வைப்பான். தினம் என் முகத்தைப் பார்த்துக் காப்பி குடிப்பவனுக்கு இது தெரியும், எனக்குத் தெரியாது. நான் ப்ளெய்ன்ஸ்பரோவில் வேலை பார்த்தால் இவன் டெக்சாஸில் சட்டப்படி இருக்கலாம். என் புருஷனை இந்த நாட்டில் நிறுத்தி வைப்பது நான்தான். பக்கத்தில் நிறுத்தத்தான் என்னால் ஆகவில்லை.

"என்னை வேணாம்னா நேரா சொல்லிடு" என்றேன். "எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது, புரியவும் புரியாது."

"உன்னை யாரு வேணாம்னா?" முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். கன்னத்தில் கூஸ் அறைந்த இடம் சிவந்திருந்தது. "உன் வீட்டுல உக்காந்திருக்க முடியல. அவ்வளவுதான்."

"நம்ம வீடு."

"லீஸ் யார் பேர்ல?"

அவன் பெயரைப் போடலாம் என்று அன்றைக்கு நான்தான் சொன்னேன், வருமானம் காட்டச் சொல்லி அவர்கள்தான் மறுத்தார்கள் என்று சொல்லலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது?

"சீசன் முடியட்டும். வரேன்" என்றான்.

"எப்ப முடியும்?"

"பிப்ரவரியில."

"பிப்ரவரியில வந்துடுவியா?"

சொட்டுகிற ரத்தத்தைப் பார்த்தான். "ஸ்னோவுக்கு மட்டும் மார்ச் வரைக்கும் இருக்கு" என்றான்.

அவனுக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணத்துக்கு முன்னால் போனில் பேசியபோது அவனிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

அதற்கப்புறம் நாலைந்து கூட்டம் இறங்கியது. அவன் வைத்த குடும்பங்களுக்கு நடுவில், அவன் விட்ட இடத்தில், சொல்லி வைத்த மாதிரி வந்தன. டேல் அவன் முதுகில் தட்டினான். தடியர் அடுத்த வருஷமும் வருவேன், ஆல் இருந்தால்தான் வருவேன் என்றார். அடுத்த வருஷம் என்ற வார்த்தைக்கு அல்தாப் தலையாட்டினான். நான் ட்ரக்கில் ரூபி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாய் என் முழங்காலில் தலையை வைக்கப் பார்த்தது. நகர்ந்து உட்கார்ந்தேன். அதுவும் நகர்ந்து வந்தது. கடைசியில் விட்டுவிட்டேன்.

மத்தியானம் பொம்மைகளைப் பொறுக்கி அடுக்கி வைக்க வேண்டும், மறுநாளைக்கு இன்னொரு பார்ட்டி வருகிறது, நான் ட்ரெய்லரிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றான். சாவியை என்னிடம் கொடுத்தான். "பாத்துப் போ. ஸீலி பக்கம் ரோடு வேலை நடக்குது."

"நான் டெய்லி அறுபது மைல் டிரைவ் பண்றவ" என்றேன்.

"தெரியும்" என்றான்.

மண்பாதை முடிந்து தார் ரோடு ஏறும்போது கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் வெள்ளைக் கோட்டோடு இரண்டு பேர் குனிந்து குனிந்து எழுந்துகொண்டிருந்தார்கள். டேல் யார், அல்தாப் யார் என்று அந்தத் தூரத்தில் எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

லீசிங் ஆபீஸில் அந்தப் பெண் மூடுகிற அவசரத்தில் இருந்தாள். என் ஜீன்ஸில் சேற்றையும் கையில் காய்ந்த ரத்தத்தையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. டெக்சாஸில் ஜனவரி மாதம் அது சகஜம் போலிருக்கிறது.

"காலி பண்றோம்" என்றேன்.

"நியூஜெர்சியா? ரெண்டு பேரும் ஸ்வெட்டர் நிறைய வாங்க வேண்டியிருக்கும்" என்று சிரித்தாள். "முதல் பனியை ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கறது நல்லா இருக்கும், ஹனி."

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒருத்தர் தப்பாகச் சொன்னதைத் திருத்தாமல் நான் ஒரு இடத்தை விட்டு எழுந்ததில்லை. அங்கே நான் "யெஸ், மேம்" என்றேன். தபால் அனுப்ப முகவரி கேட்டாள். ப்ளெய்ன்ஸ்பரோ முகவரியைச் சொன்னேன். இருவர் பெயருக்கும் அதுதான் என்று அவளே எழுதிக்கொண்டாள்.

படியிறங்கும்போது செல் அடித்தது.

"சேந்துட்டியா?"

"ம்."

"சாப்ட்டியா?"

"இல்ல. இனிதான்."

"சொல்லிட்டியா அங்க?"

"சொல்லிட்டேன்."

பின்னால் ஏதோ தகரம் உருளுகிற சத்தம், டேலின் சிரிப்பு. அல்தாப் மூச்சு விடுவது கேட்டது. ஏதாவது சொல்வான் என்று நின்றேன். நான் ஏதாவது கேட்பேன் என்று அவனும் நின்றிருக்க வேண்டும்.

"நாளைக்குக் காத்து தெக்கேருந்தாம்" என்றான்.

"அப்படியா?"

"ம்."

யாரோ தூரத்தில் ஆல், ஆல் என்று இரண்டு தடவை கூப்பிட்டார்கள்.

"உங்களைத்தான் கூப்பிடுறாங்க" என்றேன். "போங்க."